உருளையின் உயரம்

2010 ஓகஸ்ட் 17, செவ்வாய்

எங்கள் வேனில் தண்ணீர்க் குழாய் சுற்றும் உருளைகள் இரண்டு. மச்சான் நெட்டை, அவனுடையது மேலே. நான் கட்டை, போதாததற்கு இடக்கைக்காரன். என்னுடையது இடப்பக்கக் கதவோரம், என் தொந்தி உயரத்தில். சுனாமி கடையைக் கொண்டுபோனபின் இரண்டு வாளியோடு பங்காளிகளாகக் கட்டிடக் கண்ணாடி துடைக்கத் தொடங்கிய நாங்கள், வேன் வாங்கியதும் முதலில் செய்த ஏற்பாடு அது.

இன்று காலை கதவைத் திறந்தால், என் உருளை வலப்பக்கம், கூரையோடு ஒட்டி நிற்கிறது. குதித்துப் பார்த்தேன். விரல்நுனிதான் பட்டது.

"என்ன மச்சான், எனக்கு ஏணியும் வாங்கித் தருவியோ?"

"இடம் மிச்சம் அத்தான். நீங்க இனி வாளியைப் பாருங்களன்."

சிரித்தேன். என் குள்ளத்துக்கு முதலில் சிரிப்பவன் நான்தானே.

ஏறாவூரில் புது ஹோட்டலுக்குப் போனோம். மச்சானின் சிநேகிதன் தவம் அங்கே காத்து நின்றான். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். வேனைத் திறந்து, பார்க்காமலே கையை உயர்த்தி என் குழாயை இழுத்தான். உருளையின் உயரம் அவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

"இவர்தானா உங்கட புதுப் பங்காளி? போன கிழமை சொன்னீங்களே," என்றார் ஹோட்டல் காவலாளி, மச்சானிடம்.

மச்சான் குனிந்து சோப்புத் தண்ணீரைக் கலக்கத் தொடங்கினான்.

ஊர் வம்பெல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். இது மட்டும் வரவில்லை. மனைவிக்குத் தெரியுமா? அவளுடைய தம்பியல்லவா. கேட்கப் பயமாக இருக்கிறது.

பின்னேரம் யாரும் பார்க்காத நேரம், எனக்குத் தந்த வாளியைக் கவிழ்த்து ஏறி, அந்த உருளையைச் சுற்றும் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஒளிக்க இடமில்லாமல் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். குத்துகிறது.