ஒரு பக்கம் இழுக்கும் ரம்பம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் செயின் ரம்பம் வலப்பக்கமாகவே இழுத்தது. நேராக இறங்க வேண்டிய அறுப்பு பிறை மாதிரி வளைந்து போகிறது. சங்கிலி ஓடும் இரும்புப் பட்டைதான் கோணல் என்று போன மாதம் புதுப் பட்டை மாட்டினேன். அதே கதைதான்.

மச்சினனைப் பிடித்துக் கத்தினேன். "மெஷின எங்கடா கொண்டுபோய் இடிச்ச?"

"நான் இடிக்கல மாமா."

"அப்ப அதுவா நடந்துபோய் முட்டிக்கிச்சா?"

அவன் கயிற்றைச் சுருட்டினான். ஆறு வருஷமாக என்னோடு மரம் வெட்டுகிறான். சின்ன மரங்களை அவன் அறுப்பான், பெரியவற்றுக்கு நான். அப்போது மரத்தைச் சாய்க்கும் பக்கம் இழுத்துப் பிடிக்கிற கயிறு அவனிடம் இருக்கும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியின் பின்பக்க மரம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஜெனரேட்டர் அறை, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் அதைப் படுக்க வைக்க வேண்டும். கோணல் ரம்பத்தோடு அங்கே போக முடியாது. சங்கிலியைக் கூர் தீட்ட ஒரு கருவி வாங்கியே ஆக வேண்டும். பதினாறு வருஷமாக வெறும் அரத்தால் தீட்டியவனுக்கு இப்போது எதற்குக் கருவி? கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

மார்ச் 4, புதன்

காலையில் இடது கை விரல்கள் மூன்று மறுபடி வெளுத்துப்போயின. சுடுதண்ணீர்க் குவளையைப் பிடித்தபடி கால் மணி நேரம். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது மேஜையில் பொருத்தும் நல்ல கம்பெனி சாணை மெஷின். விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். அந்தக் காசுக்குப் பாதி ரம்பம் வாங்கலாம். இரண்டாவதும் மின்சாரச் சாணைதான், ஆனால் பேர் ஊர் தெரியாத சரக்கு. விலை என்னால் முடிகிற விலை. மூன்றாவது எல்லாவற்றிலும் மலிவு: பட்டைமேல் உட்காரும் ஒரு சட்டம், உள்ளே இரண்டு அரம். பல்லையும் தீட்டும், பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டையும் அளவாகத் தேய்க்கும். கரண்ட் வேண்டாம், காட்டுக்கும் கொண்டுபோகலாம்.

"என்னைக் கேட்டா இதுதாண்ணே. கை மட்டும் நல்லா இருந்தா போதும்."

யதார்த்தமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சட்டத்தை இரண்டு கையாலும் சமமாகத் தள்ள வேண்டும். இரண்டாவதைக் கட்டச் சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு சங்கிலியைச் சாணையில் வைத்தேன். பொறி பறந்தது. பத்தே நிமிஷம்!

மச்சினன் குனிந்து பார்த்தான். "பல்லெல்லாம் நீலமாயிருக்கு மாமா. சூடு ஏறிருச்சோ?"

"நீலம் புடிக்கலயா? அடுத்த தடவ ரோஸ்ல அடிச்சுத் தரேன்."

ஒரு கட்டையில் வைத்துப் பார்த்தோம். நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. அப்பாடா என்றிருந்தது.

வீட்டில் இவள் கேட்டாள், "கையால தீட்டினா என்ன?"

"நீ மட்டும் தையல் மெஷினுக்கு மோட்டார் போடலயா?"

வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

முன்பக்க வெட்டு நன்றாக வந்தது. பின்பக்கம் பாதி போனபோது சீவல் நின்று வெறும் தூள் வர ஆரம்பித்தது. அழுத்தினால் புகை. சூட்டில் உறுதி போய், நீலம் ஏறிய பல் அவ்வளவும் மழுங்கிவிட்டது. அவன் சொன்னான், நான் கேலி பேசினேன்.

பாதி அறுத்த மரத்தை விட்டுவிட்டு வர முடியுமா? கீழே ஜனம் நடக்கிற இடம். பையில் இருந்தது ஒரே ஒரு சங்கிலி — திங்கட்கிழமை என் கையால் தீட்டியது. அதை மாட்டினேன். இழுக்கும் என்று தெரியும். தெரிந்தேதான் மாட்டினேன்.

இழுத்தது. உள்ளே எவ்வளவு கோணலாகப் போகிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை. மரத்தைப் பிடித்து நிறுத்தும் நடுப்பகுதி ஒரு பக்கம் மெலிந்து, பட்டென்று முறிந்தது. மரம் திரும்பியது. மதில் பக்கம் — அவன் கயிற்றோடு நிற்கிற பக்கம்.

இலைதான் தெரிந்தது, அவனைக் காணோம். பிறகு கிளைக்கு இரண்டு முழம் தள்ளி மண்ணிலிருந்து எழுந்தான். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

அப்போது நான் என்ன சொன்னேன்? "கயித்த ஏண்டா விட்ட?"

அப்படித்தான் கத்தினேன். அத்தனை பேர் முன்னால். என்ன மனுஷன் நான்?

மார்ச் 8, ஞாயிறு

இவள் நான் கையால் தீட்டிய சங்கிலியைத் தையல் மேஜையில் நீட்டி வைத்து, துணிக்கு அளக்கிற டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். சங்கிலியில் ஒரு பல் விட்டு ஒரு பல் எதிர்ப்பக்கம் பார்க்கும். ஒரு பக்கத்தை வலது கையால் தீட்டலாம், மறுபக்கத்துக்கு அரத்தை இடது கைக்கு மாற்ற வேண்டும்.

"இந்தப் பக்கம் எல்லாம் ஒரே அளவு. அந்தப் பக்கம் ஒண்ணு குட்ட, ஒண்ணு நெட்ட, ஒண்ணுல அரமே படல. இடது கைல என்ன?"

"ஒண்ணுமில்ல."

கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்த அரம் சரியில்லை, பழசு என்று ஏதோ சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் நடுவிரல் நுனியில் அவள் குத்திய குண்டூசி நின்றது. துளி ரத்தமும் வந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

கூர் அதிகமான பக்கம்தான் ரம்பம் இழுக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டையைக் குற்றம் சொன்னேன், மெஷினைச் சொன்னேன், அவனைச் சொன்னேன். கையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மெஷினை என்னிடமிருந்து பிடுங்கி வைத்துவிடுவார்கள். அது இல்லாமல் நான் யார்?

மார்ச் 9, திங்கள்

மச்சினன் வீட்டுக்குப் போனேன். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு தப்பித்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத்தான் நேரா அறுக்க வரலன்னு நெனச்சேன் மாமா. வேற வேலைக்கு எழுதிக்கூடப் போட்டுட்டேன்."

பிறகு அவனே தொடர்ந்தான்.

"அன்னிக்குக் கத்தினீங்களே, அதக்கூட விட்டுடறேன். கை மரத்துப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கயித்துல நிக்க வெச்சீங்க. அத எப்படி விடறது?"

மன்னிச்சிடுடா என்றேன். கிளம்பினேன். அவன் வாசல் வரைகூட வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

டாக்டர்: மெஷின் அதிர்வால் வந்தது; இனிமேல் ரம்பத்தைத் தொடக் கூடாது. "விட்டா சரியாயிடுமா?" என்று இவள் கேட்டாள். "இதுக்குமேல மோசமாகாது" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

மச்சினன் வந்தான். அக்காவோடு பேசினான், என்னோடு பேசவில்லை. போகும்போது மட்டும், "அந்த சாணைய என்ன பண்ணப் போறீங்க?" என்றான்.

"தூக்கிப் போட வேண்டியதுதான்."

"அப்ப அந்த அரம் வெச்ச சட்டம் ஒண்ணு வாங்கி வைங்க. தோள் சரியாகட்டும்."

அந்த நிமிஷமே சட்டையை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று இவள்தான் பிடித்து உட்கார வைத்தாள்.

மார்ச் 16, திங்கள்

வாங்கியாகிவிட்டது.

ஏப்ரல் 11, சனி

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மரம். அவன் அறுப்பு, நான் கயிறு. வலது கையிலும் இடுப்பிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

தொடங்கும் முன்னால் சங்கிலியில் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தள்ளு என்று வாய்விட்டு எண்ணித் தீட்டினான். இந்தப் பக்கம் முடித்து, மெஷினைத் திருப்பி, அந்தப் பக்கமும் அதே மூன்று. "விடிஞ்சிரும்டா" என்றேன். "கயித்தப் பாருங்க மாமா" என்றான்.

பிறகு சீவல் பறந்தது. மரம் முனகியது. நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அந்த உயரம் முழுவதும் என் தலைமேல்தான் இருக்கிறது. இந்த இடத்தில் அவனை ஆறு வருஷம் நிறுத்தியிருக்கிறேன். எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

சொன்ன இடத்தில் படுத்தது, ஒரு விரல் விலகாமல்.

மெஷினை அணைத்துவிட்டு வந்தான். "என்ன மாமா, பயமா இருந்துச்சா?"

"ஆமாடா" என்றேன். "ரொம்ப."