மொட்டை மாடி வெயிலும் அவர் மூச்சும்

மார்ச் 11, செவ்வாய்

மதியம் சமைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. என் வீட்டுக்காரருடைய ஆக்சிஜன் மிஷின் கத்திவிட்டு நின்றது. நுரையீரல் சுருங்கிப்போன மனிதருக்கு அந்த மிஷின்தான் மூச்சு. அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கப் போனால் திருகு எந்தப் பக்கம் என்றே மறந்துவிட்டது.

"பதறாத வாணி, நான் இருக்கேன்ல" என்றார். உதடு வெளுத்திருந்தது.

எப்படியோ திறந்து மாட்டினேன். சிலிண்டர் தீர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால்?

மார்ச் 16, ஞாயிறு

சோலார் போடும் பாலமுரளி வந்தார். "மூணு கிலோவாட் போட்டா எழுபத்தெட்டாயிரம் மானியம்க்கா. மிச்சத்துக்கு பேங்குல லோன். கரண்ட் பில்லப் பத்திக் கவலையே இல்ல."

எனக்கு பில்லா பெரிசு? வெயில் இருக்கும்வரை மிஷின் நிற்காது, அது போதும். சமயநல்லூரில் வெயிலுக்கா பஞ்சம். போடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வரத்து குறைவு. நான் கணக்கெழுதும் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. மிஷின் ஓடவில்லை. சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரிந்தது.

கரண்ட் இருக்கிறது. அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், நகமெல்லாம் நீலம் பாரித்து.

மிஷினைப் போட்டுக் குழாயை மாட்டினேன். பேச்சு வரவே நேரமானது.

"நீ போனதும் அணைச்சிருவேன். வர்ற நேரத்துக்குப் போட்டுருவேன். போன தடவ பில்லு எம்புட்டுன்னு பாத்தேல்ல. நீ மார்க்கெட்ல நின்னு சம்பாதிக்கிறத எல்லாம் நான் மூச்சு விட்டே தீத்துக்கிட்டு இருக்கேன்."

எம்புட்டு நாளா இப்பிடி? கரண்ட் போயிருமோன்னு நான் பயந்துகிட்டுக் கெடக்கேன். இந்த மனுசன் கரண்ட் இருக்கும்போதே —

மார்ச் 22, சனி

பாலமுரளிக்கு போன் செய்தேன். "கரண்ட் போனாலும் மிஷின் ஓடும்ல, தம்பி?"

"ஓடாதுக்கா. லைன்ல கரண்ட் போனா இதுவும் தானா நின்னுரும். கம்பத்துல வேல பாக்குற ஆளுக்கு ஷாக் அடிச்சிரக் கூடாதுல்ல."

"வெயில் அடிச்சாலுமா?"

"அடிச்சாலும்தான். பேட்டரி வச்சா ஓடும். ஆனா மானியம் பேனலுக்குத்தான்க்கா. பேட்டரிக்குக் கிடையாது."

பேட்டரி விலையைச் சொன்னார். நம்மால் ஆகாது. மானியமும் முன்னால் கிடைக்காதாம். எல்லாம் மாட்டி, மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்த பிறகுதான் பேங்க் கணக்குக்கு வருமாம். கேட்காமல் தலையாட்டியது நான்தானே.

மார்ச் 23, ஞாயிறு

வேண்டாம்னு சொல்லிரவா?

கரண்ட் என்றைக்கோ ஒருநாள் போகிறது. அவர் தினமும் அணைக்கிறார். இரண்டில் எது அவரை — எழுதக் கை வரவில்லை.

பில் குறைந்தால் அணைக்க மாட்டார். பேட்டரி இல்லாமலே போடச் சொல்லிவிட்டேன். கரண்ட் போகும் நேரத்துக்குக் கூடுதலாக ஒரு சிலிண்டர் வாடகைக்கு எடுத்தாயிற்று.

மே 9, வெள்ளி

பேனல் ஏறிவிட்டது, மீட்டரும் மாற்றியாயிற்று. மானியம்தான் வரவில்லை. லோன் தவணை தொடங்கிவிட்டது. வராமலே போய்விட்டால்? இனி அணைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நம்ப முடியவில்லை. கடையிலிருந்து நினைத்த நேரத்தில் போன் போட்டால் மட்டும் என்ன, என் பெயரைப் பார்த்ததும் மிஷினைப் போட்டுவிட்டுத்தானே எடுப்பார்.

ஜூன் 3, செவ்வாய்

மானியம் வந்துவிட்டது. அப்படியே லோனில் கட்டிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

புது பில் வந்தது. பழையதில் கால்வாசிகூட இல்லை. என் போனை வாங்கித் தொகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 25, வெள்ளி

வரத்து இல்லை, சீக்கிரமே கிளம்பினேன். அவரிடம் சொல்லவில்லை. தெருமுனையில் பஸ்ஸைவிட்டு இறங்கி வேகமாக நடந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மாட்டிக்கொண்டு அசந்து தூங்குகிறார்.

எழுப்பவில்லை.