வீச்சைக் குறைக்க இரண்டு வழி

அன்புள்ள வாயாடிக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் விடுதித் தோழிகள் சிரிப்பார்கள், மன்னித்துக்கொள். போனில் எனக்குப் பேச வராது, உனக்குப் பேச நேரம் கிடைக்காது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று வாராவாரம் "நல்லாருக்கேம்மா" என ஒரே சொல்லில் அறிக்கை வாசித்துவிடுகிறாய், ஆனால் உன் விடுதி அக்காவோ புதுப் பள்ளிக்குப் போனதிலிருந்து நீ தனியாகவே உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறேன். அப்பா வழக்கம்போல "எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார். ஒழுகுகிற குழாயைப் பார்த்தும் போன வருடத்திலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, கணக்கில் வீச்சு என்றால் என்ன என்று கேட்டாயே. நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று உன் அத்தை ஊரெல்லாம் பெருமை பேசும் உன் அம்மாவாகிய நான், அதையே எங்கள் பள்ளியில் நடத்தப்போய், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பாதிப் பாடத்தைக் கரும்பலகைக்கே நடத்தினேன். பிறகு எல்லோருடைய பென்சிலையும் வாங்கி மேசைமேல் வரிசையாக அடுக்கினேன். புதுப் பென்சில் பதினெட்டு சென்டிமீட்டர், மிளகு என்று நாங்கள் கூப்பிடும் குட்டிப் பெண்ணின் துண்டுப் பென்சில் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் பதினைந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம், அவ்வளவுதான் வீச்சு. உடனே நடுவில் இருந்த பென்சில்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எங்க பென்சிலை எதுக்கு டீச்சர் வாங்கினீங்க?" என்றார்கள். பட்டப்படிப்பில் இதற்குப் பதில் யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் தலைமையாசிரியர், பெரிய சார், உள்ளே வந்தார். மறுநாள் வாசிப்புத் தேர்வு வைக்கக் கல்வி அதிகாரி வருகிறாராம். போன தடவை எங்கள் வகுப்பில் ஐம்பதுக்கு அதிகம் நாற்பத்தெட்டு, குறைவு ஆறு, வீச்சு ரொம்பப் பெரிது என்று எழுதிவிட்டுப் போனாராம். ஆறு வாங்கியது மிளகு. அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது போன்ற சுற்றுவழியெல்லாம் நம் சாருக்குப் பிடிக்காது. "அந்தப் பொண்ணு நாளைக்கு லீவு போடட்டும் டீச்சர், வீச்சு தானா குறைஞ்சிடும்" என்றார், அவள் முன்னாலேயே, ஏதோ அவள் காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோல. வேண்டாம் சார் என்று சொல்ல வாயெடுத்தவள், மேசைமேல் இருந்த பென்சில்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தேன். மிளகுதான் எழுந்தாள். அழுகையும் இல்லை, கிண்டலும் இல்லை, சந்தேகம் கேட்கிற முகம். "சார், நான் வரலைன்னாலும் குறையும், நாப்பத்தெட்டு வாங்கினவ வரலைன்னாலும் குறையும். ரெண்டு பேர்ல யாரு சார் லீவு?"

நாற்பத்தெட்டு வாங்கியவள் அவருடைய அண்ணன் மகள். வகுப்பே அந்தப் பக்கம் திரும்பியது. சார் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், "எல்லாரும் வந்துடுங்க" என்று பெருந்தன்மையாக ஆணையிட்டுவிட்டுப் போனார். எனக்கும் உடனே வீரம் வந்துவிட்டது, அவர் வராந்தாவைத் தாண்டியதும் "சரியாக் கேட்டே" என்றேன், மெதுவாக. மறுநாள் அவள் வந்தாள், ஒன்பது வாங்கினாள், அதிகாரி முகம் சுளித்தார். இப்போது பள்ளி விட்டதும் அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கூச்சமே இல்லாமல் சத்தமாகத் தப்பாக வாசிக்கிறாள், அதனால் எங்கே கைகொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைக்காதே. தொட்டதெல்லாம் உனக்குக் கைகூடட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். இன்னும் ஒன்று கேட்க வேண்டும், முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியது, கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்த வாரத்தின் நல்ல நாளைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போகிறது, ரொம்ப மோசமாகப் போன நாள் எது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லு கண்ணு.

உன்
அம்மா