விதுரன் சுகம்

பலேர்மோ
4.11.1993

அன்பின் யோகாம்பாள் அக்காவுக்கு,

இஞ்சை நான் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு எப்படி?

இந்த ஊரில் இந்த மாதம் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைப்பார்களாம். நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா எனக்கும் ஒன்று தந்தா. வாளோடு நிற்கிற சீனிப் போர்வீரன்! "வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கா?" என்று கேட்டா. தம்பி விதுரன் இருக்கிறான் என்றேன். பதினெட்டு வயது எருமையைப் போய்ச் சின்னப்பிள்ளை என்றேனே, சிரிக்காதேங்கோ. அவன் வந்து தின்னட்டும் என்று அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அவனை இஞ்சை கூப்பிடத்தான் குவெஸ்தூராப் பொலிசுக் கந்தோருக்கு அலைகிறேன். கள்ளன், எனக்கு ஒரு வரி எழுதுகிறானில்லை. நீங்களும் ‘விதுரன் சுகம், படிக்கிறான்’ என்பதோடு முடித்துவிடுகிறீர்கள்.

ஆவணியில் கூட்டாளியின் கலியாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழனாய் நின்ற படம் இதற்குள் இருக்கிறது. அவனுக்குக் காட்டுங்கோ. பட்டுவேட்டியைப் பார்த்துப் பகிடி பண்ணுவான்.

அன்புத் தம்பி,
குணம்

பலேர்மோ
28.11.1993

அக்கா,

நேற்று இஞ்சை சீசா என்கிற பகுதியில் மண்டபம் எடுத்து மாவீரர் நாள் வைத்தார்கள். படங்களுக்கு மாலை போட என்னை விட்டார்கள். ஒரு படத்துக்கு மேலே எனக்குத் தெரியாத இயக்கப் பெயர். "ஆரோ பெடியன், எங்கடை விதுரனை உரிச்சு வைச்சிருக்கிறான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே மாலையைப் போட்டேன். பிறகுதான் கீழே வாசித்தேன். சொந்தப் பெயர், எங்கள் ஊர், ஆவணி மாதத் திகதி.

அண்மையில் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாதோ? தம்பியின்ரை வித்துடலுக்குப் பக்கத்திலை உங்கடை அக்காதானே நிண்டவா!"

அவன் போய் ஒரு கிழமையில் நான் செத்தவீட்டுத் துடக்கோடு கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகும் நீங்கள் ‘விதுரன் சுகம்’ என்று எழுதினீர்கள். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என்னை விசரனாக்கிப் போட்டீர்களே, ஏன்?

குணரத்தினம்

கோண்டாவில்
9.1.1994

என் குணம்,

திட்டு. வாய் நிறையத் திட்டு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சோதனை எழுதாமலே இயக்கத்துக்குப் போனான். "அண்ணைக்குச் சொல்லாதேங்கோ, எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடுவார்" என்று அவன்தான் சொன்னவன். அவன் செத்த பிறகு அம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டா: "ஒண்டைக் குடுத்திட்டன், மற்றதாவது அங்கை உயிரோடை இருக்கட்டும்." நான் என்ன செய்ய?

துடக்கை நினைத்துக் குழம்பாதே. அவனை எரிக்கவில்லை, துயிலுமில்ல மண்ணில் விதைத்தார்கள். விதைத்தால் துடக்கில்லை என்றுதான் இஞ்சை சொன்னார்கள். கார்த்திகையில் அம்மாவும் நானும் போய் விளக்கேற்றினோம். ஊரே எழுந்து நின்றது.

அம்மா சுகம். உன் கடிதம் வரும் வரைக்கும் படலையைப் பார்த்தபடி இருக்கிறா.

உன் அக்கா

பலேர்மோ
20.2.1994

அக்கா,

விதைத்தால் துடக்கில்லை என்பது ஊருக்கு. எனக்கு அவன் தம்பி. அறிந்த நாளிலிருந்து முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தேன், மச்சம் மாமிசம் தொடவில்லை. சிஞ்ஞோரா ஏனென்று கேட்டா, சொன்னேன். அவவும் அழுதா. சீனிப் போர்வீரனில் எறும்பு ஏறிவிட்டது. தட்டவில்லை, தின்னட்டும்.

என் நன்மைக்குத்தான் செய்தீர்கள். எனக்கு விளங்குகிறது. ஆனால் என்னை ஏமாற்றிப் போட்டீர்கள் அக்கா.

‘அம்மா சுகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கையெழுத்து, அதே சொல். அங்கை போனும் இல்லை, எடுத்துக் கேட்க. அம்மாவின் கையால் ஒரு வரி வாங்கி அனுப்புங்கோ என்று எழுதத்தான் பேனை எடுத்தேன்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

குணரத்தினம்