ஊதும் முன் இழுத்த பஃப்

கீழ் கோத்தகிரி,
3.6.2024

அன்புள்ள பொன்ராஜ் அண்ணனுக்கு,

தங்கை வனிதா எழுதுவது. அண்ணி சுகம்தானே? போனில் பேசினால் பாதியிலேயே எனக்கு மூச்சு முட்டுகிறது, மீதிக்கு முன் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் சொன்னபடி பஸ் ஏறும் முன் இன்ஹேலரில் இரண்டு பஃப் மருந்து இழுத்துக்கொண்டுதான் ஊட்டிக்குப் பரிசோதனைக்குப் போனேன். மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயில் ஊதச் சொன்னார்கள். ஆஸ்துமா இல்லை என்று ரிப்போர்ட் வந்ததாம். உடனே ஆபீசில், "நடிச்சது போதுங்க, சலிப்பு ரூமுக்கே போங்க" என்கிறார்கள். பதினோரு வருடமாக அந்த அறையில் டீத்தூள் சலிக்கிறேன். நடிக்க எனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

அந்த பேக்டரிக்கு நீங்கள் டீமேக்கர், தூள் தயாரிப்பும் ஆட்களும் உங்கள் பொறுப்பு. தோட்டத்தில் கொழுந்து எடுக்க என்னை மாற்றிவிடச் சொல்லி மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

அன்புத் தங்கை,
வனிதா

அரவேணு,
7.6.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். ரிப்போர்ட் நன்றாக வந்ததற்கு யாராவது சண்டை போடுவார்களா? உனக்குச் சளிதான். இஞ்சி தட்டிப்போட்டுக் குடி, கோபத்தைக் குறை. மேனேஜரிடம் சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணன்,
பொன்ராஜ்

கீழ் கோத்தகிரி,
12.6.2024

அண்ணா,

என் கோபத்துக்கு இஞ்சி போதாது. ஊட்டிக்கே திரும்பப் போய் நர்சிடம் கேட்டேன். "ஏனுங்க, காலைல பஃப் இழுத்தீங்களா? கூடாதுன்னு சீட்டுல எழுதியிருந்தோமே" என்றார். முதலில் மருந்தில்லாமல் ஊத வேண்டும். பிறகு அவர்களே பஃப் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போது காற்று கூடுதலாக வந்தால்தான் ஆஸ்துமா என்று பிடிபடும். மருந்தோடு போனதால் எனக்கு இரண்டும் ஒன்றுபோல வந்துவிட்டது.

அந்த இங்கிலீஷ் சீட்டைப் படித்துச் சொன்னது நீங்கள். தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்தா? அதை மட்டும் எழுதுங்கள்.

வனிதா

அரவேணு,
18.6.2024

வனிதா,

தெரிந்துதான் சொன்னேன். ஒருத்திக்கு ஆஸ்துமா என்று வந்தால் அந்த அறை முழுவதையும் பரிசோதிக்க வேண்டிவரும், தூசி இழுக்கும் மெஷின் வைக்க வேண்டிவரும், அதற்கு முன் உன் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொன்னார். நீ தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே நீ எதையும் தாங்குவாய். மன்னித்துவிடு. இதை யாரிடமும் காட்டாதே.

அண்ணன்

கீழ் கோத்தகிரி,
27.6.2024

பெறுநர்: டீமேக்கர் அவர்கள்

ஐயா,

நேற்று மருந்தில்லாமல் போய் மறுபடி ஊதினேன். ஆஸ்துமா என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

சலிப்பு அறையில் வேலை செய்யும் கருப்பம்மா, தேவி, பொன்னாயி உள்பட ஆறு பேரும் வரும் புதன்கிழமை இதே பரிசோதனைக்குப் போகிறார்கள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்களுக்கு ஒருநாள் லீவு கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. என் அண்ணன் எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் அது.

இப்படிக்கு,
வனிதா,
சலிப்புப் பிரிவு, தொழிலாளி எண் 214