நாலும் அஞ்சும் பதினொன்றும்

அப்பா,

இன்று திருத்திய கணிதத் தாள் ஒன்றில் ஒரு மாணவி முக்கோணம் வரைய முயன்றிருந்தாள். கொடுக்கப்பட்ட பக்கங்கள் நான்கு, ஐந்து, பதினொன்று. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் எழுந்த கோடுகள் ஒன்றையொன்று எட்டாமல் நின்றன. அந்த இடைவெளியைக் கண்டதும் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழக விடுமுறையில் நான் வந்திருந்த ஒரு பின்னேரம், படகின் எஞ்சின் நின்றுவிட்டதென்று கடலிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். "இஞ்சரப்பா, பயப்பிடாதை. வெளிச்சவீட்டிலயிருந்து நாலு கிலோமீற்றர், கோணேசர் மலையிலயிருந்து அஞ்சு. சின்ன மாமாவை வரச்சொல்லு." பிறகு உங்கள் தொலைபேசி எடுபடவில்லை. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

மாமாவும் இன்னும் மூவரும் அந்த இரண்டுக்கும் இடையிலான வளைகுடா வாயில் தேடுவதற்காகப் படகைத் தள்ளினார்கள். வெளிச்சவீட்டுக்கும் மலைக்கும் இடையே நேராகப் பதினொரு கிலோமீற்றர் என்பது படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். நான் பேனையால் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தேன். நாலும் அஞ்சும் ஒன்பது. பதினொன்றுக்குப் போதாது. ஆண்கள் நடுவே வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான். பேசாமல் நின்றால் அவர்கள் வேறெங்கோ தேடுவார்கள் என்ற பயம் அந்தக் கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"மாமா, அப்பா சொன்ன மாதிரி ஒரு இடம் கடலில இல்லை."

"யூனிவர்சிற்றியில படிக்கிற பிள்ளை கடலையே இல்லையெண்டுது," என்றார் ஒருவர்.

"மலையிலயிருந்து அஞ்சு எண்டது சரியெண்டால், வெளிச்சவீட்டிலயிருந்து ஆறுக்கு மேல, பதினாறுக்குள்ள இருக்கவேணும். நாலு வரவே ஏலாது."

மாமா படகிலிருந்து கையை எடுத்தார். "உது அப்பா ஆருக்குச் சொன்னவர்?"

"அம்மாவுக்கு."

"அப்ப பாதி. வீட்டுக்கு நாங்கள் எல்லாரும் தூரத்தைப் பாதியாத்தான் சொல்லுறனாங்கள்."

எட்டும் பத்தும். அது முக்கோணமாகும், ஆனால் அதன் உச்சி வெளிக்கடலில் இருந்தது. அவர்கள் அங்கே போனார்கள். இருட்டுகிற நேரத்தில் உங்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இடுப்பில் நனைந்த சாரத்தோடு இறங்கி, "அம்மா பயந்திடுவா எண்டுதான்," என்றீர்கள். அம்மா உங்களோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "கொஞ்சந்தான் நோகுது. ரெண்டு நாளில வீட்ட வந்திடுவன்," என்று என்னிடம் சொன்னீர்கள். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். ஆனாலும் என் கையில் ஒரேயொரு நீளம்தான் இருந்தது. அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. மற்ற நீளத்தைச் சொல்ல டொக்டர் இருந்தார். அவருடைய அறை வாசல்வரை போய், என்ன சொல்வாரோ என்று பயந்து திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

நேற்று அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "பெரிசா ஒண்டுமில்லை," என்றார் டொக்டர். அம்மா எழுந்துவிட்டா. நான் கதிரையை விட்டு எழவில்லை. "பெரிசா இல்லையெண்டால், எவ்வளவு டொக்டர்?" என்று கேட்டேன். அவர் தாளை மறுபடி விரித்தார்.