இரண்டு பேருக்குக் கலந்த ரெசின்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம், அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, ஆள் பிடித்துச் சரிசெய்துவிட்டேன். உன் மாமியாருக்கு முழங்கால் வலி தேவலையா?

அப்பா போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உன் சித்தி ஊரெல்லாம் சொல்கிறாளாம். சொல்லட்டும். வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. கடித்தாலும் தெரியவில்லை.

"அந்தப் படகை யாருக்காவது குடுத்துத் தொலைம்மா" என்று, அப்பாவும் நானும் கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்ததைப் பற்றிப் போனில் சொன்னாய். விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். படகாகச் சேர்த்துக் கட்டும் இரண்டு ஓடத்தில் ஒன்று முழுசாக முடிந்துவிட்டதே, அடுத்ததற்கு இந்த ஒரு பலகைதானே பாக்கி என்று தட்டித் தட்டிப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மறுநாள் காலை நானே கொட்டகைக்குப் போனேன்.

பலகைமேல் கண்ணாடியிழைத் துணியை விரித்தேன். ரெசின் பசையில், அதை நிமிஷத்தில் சூடேற்றி இறுக வைக்கும் ஹார்டனரை ஊற்றிக் கலக்கினேன். எப்போதும் கலக்குவது நான், அதை வாங்கித் துணிமேல் உருளை தள்ளுவது அப்பா. அவர் கை வேகத்துக்கு ஒரு வாளி, அன்றும் அதே அளவு. கலக்கி முடித்து, திரும்பிப் பார்க்காமலே வாளியை நீட்டினேன். அது சூடேறி விரலைச் சுட்ட பிறகுதான், வாங்க ஆளில்லை என்று உறைத்தது.

அடித்துப் பிடித்து நானே உருளையைப் பாதி தூரம் தள்ளினேன். அதற்குள் வாளி புகைந்தது. தூக்கி வெளியே மணலில் வைத்தேன். ரெசின் குடித்த இடத்தில் துணி மறைந்து பலகை தெரிகிறது, மீதி வெள்ளையாகவே கிடக்கிறது. தேய்த்துவிட்டுப் புதுத் துணி போட்டால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒற்றை ஆள் வேலை இல்லை. கூலிக்கு ஆள் வைக்கலாம்தான். மனசில்லை.

அப்பாவுக்கு வாங்கிய கையுறைப் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. எனக்குப் போட்டால் தொளதொள. வளையல் கடையில் ஒன்றும் நுழையாமல் நீ மூக்கைச் சிந்தியபோது, அப்பன் கையோடு பிறந்தவள் என்று கேலி செய்தேனே, நினைவிருக்கிறதா?

லீவு கிடைப்பது கஷ்டம், தெரியும். வந்தவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு காலைப்பொழுது போதும். வாளியை நீட்டுவேன், நீ வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நன்றாக இரு. கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன்
அம்மா